வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே ஆகாய கங்கைக்கு

ஐந்து வருஷமாக நான் என் மனைவிக்குச் சொல்லிவந்த சாக்குப்போக்குகளை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்தால் ஒரு சர்க்கஸ் கூடாரமே போடலாம். மழை, வெயில், தீபாவளித் துணி, பொங்கல் துணி, மலைக்காய்ச்சல் என்று எதையாவது சொல்லித் தள்ளிப்போட்டேன். உண்மைக் காரணம் ஒன்றுதான். எனக்குக் கூச்சம். முன்பின் தெரியாதவர்களிடம் வழி கேட்பதற்கும், இன்னொருவர் வீட்டில் தங்க இடம் கேட்பதற்கும் எனக்கு நா எழாது. இராசிபுரத்தில் இருபது வருஷமாகத் தையற்கடை வைத்திருக்கிறேன். அளவெடுக்கும்போது கூட ஆளின் முகத்தைப் பார்க்க மாட்டேன். தோள் அகலத்தை வைத்துத்தான் பலரை எனக்கு அடையாளம் தெரியும்.

வேண்டுதல் என் மனைவி நல்லம்மாளுடையது. ஐந்து வருஷத்துக்கு முன் விஷக்காய்ச்சலில் இருபத்தொரு நாள் கிடந்தாள். வைத்தியர் கையை விரித்துவிட்டார். எப்படியோ பிழைத்து எழுந்து உட்கார்ந்தவள் முதலில் கேட்டது கஞ்சி. அடுத்துச் சொன்னது இது: "கொல்லிமலை ஆகாய கங்கை அருவியில நிக்கிறதா அறப்பளீசுவரர்கிட்ட வேண்டிக்கிட்டேனுங்க. பொழைச்சுட்டேன். நிக்கோணும்."

இந்த வருஷம் யுத்தத்தினால் என் சாக்குகள் எல்லாம் தீர்ந்துபோயின. துணிக்குக் கட்டுப்பாடு வந்து, பொங்கலுக்கே பத்துச் சட்டைகள்தாம் தைத்தேன். மிஷினுக்கு மேல் பூனை படுத்துத் தூங்கியது. நல்லம்மாளின் முழங்காலும் வீங்க ஆரம்பித்திருந்தது. "இந்தத் தை போச்சுன்னா என்னைத் தூளி கட்டித்தான் தூக்கிட்டுப் போகோணும்" என்றாள். எல்லோரும் ஆடிப் பதினெட்டுக்கு மலையேறுவார்கள். அப்போது வழி நெடுக ஆள் இருக்கும், சோறு இருக்கும், துணை இருக்கும். கூட்டத்துக்குப் பயந்து நான் தை மாதத்தைத் தேர்ந்தெடுத்தேன். அதன் பலனை நாங்கள் இருவரும் அனுபவித்தோம்.

சனிக்கிழமை காலை பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போகும் கரிவாயு பஸ்ஸில் ஏறினோம். பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸின் முதுகில் ஒரு பெரிய தகர அண்டா. அதில் கரியைப் போட்டு எரித்து, அந்த வாயுவில் வண்டி ஓட வேண்டும். சமதரையில் ஓடியது. முதல் மேட்டில் பெருமூச்சு விட்டு நின்றது.

"எல்லாரும் எறங்குங்க! பொம்பளைங்க மட்டும் உக்காந்திருங்க" என்றார் கண்டக்டர்.

முன் ஸீட்டில் இருந்த ஒரு மளிகைக்காரர் அசையவில்லை. "நான் முழு டிக்கெட்டு வாங்கியிருக்கறனுங்க."

"டிக்கெட்டு உக்காந்திருக்கட்டுமுங்க. நீங்க எறங்குங்க."

நாங்கள் பதினைந்து பேர் தள்ளினோம். நான் நின்ற இடம் அண்டாவுக்கு நேர் பின்னால். பஸ் கிளம்பியபோது அது கக்கிய கரி முழுவதும் என் முகத்துக்கு வந்தது. நல்லம்மாள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, சிரிப்பை முந்தானையில் பொத்திக்கொண்டாள்.

எங்களை மலைக்குக் கூட்டிப்போகச் சம்மதித்திருந்தவர் சடையக் கவுண்டர். மலைவாசி. சனிக்கிழமை தோறும் தேனும் மிளகும் கொண்டுவந்து சந்தையில் விற்பவர். போன வருஷம் என்னிடம் ஒரு கறுப்புக் கோட்டுத் தைத்துக்கொண்டார். கீழே கோவணம், மேலே கோட்டு, தலையில் முண்டாசு. தூரத்தில் என் கோட்டைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. அவர் என் முகத்தைப் பார்த்து, "என்ன, கரி சுடப் போனியா?" என்றார்.

மலையில் 'நீங்கள்' கிடையாது. சின்னவர் பெரியவர், தாசில்தார், சாமி எல்லோரும் 'நீ'தான். எங்கள் பக்கத்தில் நாயை விரட்டினாலும் 'போங்க' என்போம். முதலில் எனக்குச் சுருக்கென்றது. பாதி மலை ஏறுவதற்குள் பழகிவிட்டது. அவர் பேச்சில் மரியாதைக் குறைவு துளிகூட இல்லை. தேவையில்லாத நூலை நறுக்கிவிட்டது போல இருந்தது, அவ்வளவுதான்.

சந்தை முடிந்து ஏறத் தொடங்கினோம். சடையக் கவுண்டர் கூடையில் உப்பும் கருவாடும் சுமந்து முன்னால் போனார். நல்லம்மாளுக்கு ஒரு கழி வெட்டிக் கொடுத்திருந்தார். அவள் அதை ஊன்றிக்கொண்டு, ஏறுகிற வேகத்தைவிட அதிக வேகமாகப் பேசிக்கொண்டு வந்தாள். அது என்ன மரம், இது என்ன கொடி, அந்தக் குருவி எதற்குக் கத்துகிறது என்று கேள்வி மேல் கேள்வி.

"பேசாம வா. மூச்சு வாங்காது" என்றார் அவர்.

"பேசாம இருந்தாத்தானுங்க எனக்கு மூச்சு முட்டும்."

பாதி வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தோம். கீழே சமவெளி முழுவதும் வெயிலில் காய்ந்தது. நெல் வயல்களும் சோளக் காடுகளும் ஒட்டுப்போட்ட துணிபோலத் தெரிந்தன. எங்கள் ஊர் எந்தத் துண்டில் இருக்கிறது என்று நானும் நல்லம்மாளும் வேறு வேறு திசையில் கையைக் காட்டினோம். சடையக் கவுண்டர் மூன்றாவதாக ஒரு திசையைக் காட்டினார். அதுதான் சரி.

பொழுது சாயும் நேரத்துக்கு அவருடைய ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். தாழ்ந்த புல் கூரைகள், பலா மரங்கள், முற்றத்தில் காயும் மொச்சை. காற்றில் ஒரு குளிர். எங்கள் ஊரில் அப்படி ஒரு குளிரை மார்கழிக் காலையில் கூடக் கண்டதில்லை. அவருடைய மனைவி சின்னப்பிள்ளை வாசலுக்கு வந்து, முதலில் நல்லம்மாளின் கையைப் பார்த்தாள். முழங்கை வரை கோலமும் தேளுமாகப் பச்சை குத்திய கை.

"அடுப்படிக்கு மட்டும் வராதே. பச்சை குத்தினவங்க எங்க அடுப்படிக்கு வந்தா ஆகாது" என்றாள் சின்னப்பிள்ளை. கோபமாக இல்லை, குனிந்து வா, நிலை இடிக்கும் என்று சொல்வது போலச் சொன்னாள்.

நல்லம்மாளின் முகம் ஒரு கணம் சுண்டியது. பிறகு மலர்ந்துவிட்டது. "நல்லதாப் போச்சுங்க. கண்ணாலம் ஆகி இருவத்திரண்டு வருசத்துல அடுப்படிக்கு வராதேன்னு சொன்ன மொத ஊடு இதுதான்" என்று சொல்லி, பலா மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

இனிமேல்தான் நான் செய்த தவறு வருகிறது. அதைப் புரிந்துகொள்ள எங்கள் ஊர் வழக்கம் தெரிய வேண்டும். எங்கள் பக்கத்தில் யாராவது சாப்பிடக் கூப்பிட்டால் முதலில் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாம் முறை, இப்போதுதான் சாப்பிட்டேன் என்று சொல்ல வேண்டும். மூன்றாம் முறை கையைப் பிடித்து இழுப்பார்கள். அப்போது, உங்களுக்காகத்தான் என்று முனகிக்கொண்டே உட்கார வேண்டும். அரிசிக்குக் கார்டு வந்த பிறகு இந்த வழக்கம் இன்னும் கெட்டிப்பட்டிருந்தது. ஒரே தடவையில் சம்மதித்தவனைப் பற்றி ஊரே பேசும்.

சடையக் கவுண்டர் ஒரு பெரிய மண் சட்டியைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்தார். ஆவி பறக்கும் சாமைச் சோறு. பக்கத்தில் மொச்சைக் குழம்பு. காலையில் குடித்த கூழுக்குப் பிறகு நான் ஒன்றும் சாப்பிடவில்லை. பசி காதை அடைத்தது.

"சோறு திங்கிறியா?"

"வேண்டாமுங்க. இப்பத்தானுங்க ஆச்சு" என்றேன்.

அவர் நல்லம்மாளைப் பார்த்தார். அவளும், "ஆமாங்க, வயிறு நெறஞ்சிருக்குது" என்றாள்.

"சரி" என்றார். சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நானும் நல்லம்மாளும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளேயிருந்து அவர்கள் சாப்பிடும் சத்தம் வந்தது. குழம்பின் வாசனை வந்தது. சட்டி மட்டும் திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அதைக் கழுவும் சத்தம் கேட்டது.

"மறுக்காக் கேப்பாங்கன்னு நெனச்சீங்களா?" என்று நல்லம்மாள் காதோடு கேட்டாள்.

"நீயுந்தானே வயிறு நெறஞ்சுதுன்னே!"

"நீங்க சொன்னப்புறம் நான் என்னத்தைச் சொல்றதுங்க? உங்க வயிறு காலி, எனக்கு மட்டும் போடுங்கன்னா?"

மூட்டையிலிருந்த இரண்டு பிடி பொரியைத் தின்று தண்ணீர் குடித்தோம். மறுநாள் காலையில் சின்னப்பிள்ளை ஒன்றும் கேட்காமலே இரண்டு சட்டி கேழ்வரகுக் கூழை எங்கள் முன் வைத்துவிட்டுப் போனாள். மறுக்க வழியில்லாமல் போனது எங்கள் அதிர்ஷ்டம். சட்டியை வழித்துக் குடித்தோம். ஆனால் எனக்குப் புத்தி வரவில்லை என்பதை அன்று முற்பகலிலேயே தெரிந்துகொண்டேன்.

பனி விலகியதும் சடையக் கவுண்டர் எங்களை அறப்பளீசுவரர் கோயிலுக்குக் கூட்டிப்போனார். சின்னப்பிள்ளையும் கொடுவாளோடு விறகுக்குக் கிளம்பி, வழியில் ஒரு சரிவில் பிரிந்துபோனாள். கோயிலில் பூசாரியைத் தவிர ஈ காக்கை இல்லை. கோயிலை ஒட்டிய ஓடையில் கை நீள மீன்கள். இங்கே அவற்றை யாரும் பிடிப்பதில்லை. மிச்சமிருந்த பொரியைப் போட்டோம். மீன்கள் ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்த ஓடைதான் கொஞ்ச தூரம் போய் மலை விளிம்பிலிருந்து அருவியாக விழுகிறது. கோயிலுக்கு அப்பால் காட்டுக்குள் ஒரு தடம் இறங்கியது. அதன் தொடக்கத்தில் சடையக் கவுண்டர் நின்றார்.

"இதுல எறங்கணும். வேரைப் பிடிச்சு எறங்கணும். கீழே கூட்டிப் போகட்டா?"

நான் வாயைத் திறந்தேன். என் வாயிலிருந்து வந்தது இது: "வேண்டாமுங்க. உங்களுக்கு எதுக்குங்க சிரமம்? வழி காட்டினதே பெரிசு."

"சரி" என்றார். அடுத்த ஊரில் ஒரு மாட்டைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நடந்தார். நான் தைத்த கோட்டு மரங்களுக்கு இடையில் மறைந்துபோனது. முதுகுப் பக்கம் கொஞ்சம் இறுக்கமாகத் தைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

நல்லம்மாள் என்னைப் பார்த்தாள். "ஏனுங்க..." என்றாள். கழியை எடுத்துக்கொண்டாள்.

இறங்கினோம். தடம் இரண்டாகப் பிரிந்தது, அகலமானதில் போனோம். அது ஆட்டுத் தடம். ஆடுகளுக்கு அருவி வேண்டியதில்லை, தழைதான் வேண்டும். ஒரு நாழிகை கழித்து ஒரு பாறை விளிம்பில் போய் முட்டிக்கொண்டு நின்றோம். கீழே அதல பாதாளம். அருவியின் இரைச்சல் காதை அடைத்தது. சாரல் புகைபோல எழும்பி வந்தது. அருவியை மட்டும் காணவில்லை. அது எங்கள் காலடியில் எங்கோ பாறைக்குப் பின்னால் விழுந்துகொண்டிருந்தது.

நல்லம்மாள் உட்கார்ந்துவிட்டாள். வீங்கிய முழங்காலைக் கைகளால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"இங்கிருந்தே ஒரு கும்பிடு போட்டுட்டுப் போலாமுங்க" என்றாள். "அஞ்சு வருசம் பொறுத்த சாமி, பொறுத்துக்கும்."

என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இருபத்திரண்டு வருஷமாக அவள் திட்டுவதைக் கேட்டுக்கொண்டே பொத்தான் காஜா எடுத்துப் பழகியவன் நான். அவள் திட்டாமல், குளித்துவிட்டு உடுத்திக்கொள்வதற்காக மடித்துக் கொண்டுவந்த மஞ்சள் சேலையை மூட்டைக்குள் இன்னும் ஆழமாகத் திணித்து முடிச்சுப் போட்டாள். அந்த முடிச்சை என்னால் பார்க்க முடியவில்லை. எழுந்து தடம் பிரிந்த இடத்துக்கு ஏறிப்போனேன். யாரையாவது கூப்பிட்டாக வேண்டும்.

நான் வாழ்நாளில் உரக்கக் கூப்பிட்டதே கிடையாது. கடைக்கு எதிரே போகிற வெற்றிலைக்காரனைக் கூட ஓடிப்போய்த் தோளைத் தொட்டு நிறுத்துவேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, "கவுண்டருங்களே" என்றேன். ஒரு மைனா கூடத் திரும்பவில்லை. இன்னொரு தடவை, "ஏனுங்க, யாராச்சும் இருக்கறீங்களா?" என்றேன்.

பாறையிலிருந்து நல்லம்மாளின் குரல் வந்தது. "காதுல சொல்ற ரகசியம் மாதிரி இருக்குதுங்க!"

கண்ணை மூடிக்கொண்டு, மலைக்காரர்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடுவதுபோல, "ஓஓஓ" என்று கத்தினேன். அந்தச் சத்தம் என்னிடமிருந்து வந்ததா என்று நானே திடுக்கிட்டேன். எதிர் மலை அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. அதற்குப் பின்னால் எங்கேயோ சரிவிலிருந்து ஒரு பெண் குரல்: "என்ன வேணும்?"

சின்னப்பிள்ளையின் குரல். எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தில், பழக்க தோஷத்தால், "ஒண்ணுமில்லீங்க! சும்மாதானுங்க!" என்று கத்திவிட்டேன்.

"சரி" என்றது குரல்.

பின்னாலிருந்து கழி வந்து என் முதுகில் விழுந்தது. அடி பலமில்லை. நல்லம்மாள் மூட்டையோடு எப்போது ஏறி வந்தாள் என்று தெரியவில்லை. கண்ணில் தண்ணீரும் உதட்டில் சிரிப்புமாக நின்றாள். "சும்மாவா? சும்மாவா இந்த மலையேறி வந்தோம்?"

நான் திரும்பி, அடிவயிற்றிலிருந்து, "சின்னப்பிள்ளை! வழி தெரியல! வா! சீக்கிரம் வா!" என்று கத்தினேன். ஒரு 'ங்க' கூட இல்லை. ஊரில் யாராவது கேட்டிருந்தால் பஞ்சாயத்து வைத்திருப்பார்கள்.

அவள் கொடுவாளை இடுப்பில் செருகிக்கொண்டு வெள்ளாடு போலத் தாவி வந்தாள். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அவன் கூட்டிப் போறேன்னு சொல்லலியா?"

"சொன்னாருங்க. நாந்தான் வேண்டாமுன்னேன்."

"ஏன்? வேண்டாமா?"

"வேணுமுங்க. எங்க ஊர்ல அப்படித்தான் சொல்றது."

"அப்ப ராத்திரி சோறு?"

"அதுவும் வேணுமுங்க."

"நெசமாவே வேண்டாம்னா என்ன சொல்லுவே?"

நான் யோசித்துப் பார்த்தேன். "அப்பவும் வேண்டாமுன்னுதானுங்க."

சின்னப்பிள்ளை ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அப்படியே வேரின் மேல் உட்கார்ந்து சிரித்தாள். நல்லம்மாளும் சேர்ந்துகொண்டாள். நான் மட்டும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

சரியான தடம் குறுகலானது. சின்னப்பிள்ளை நல்லம்மாளைத் திருப்பி நிறுத்தி, ஏணியில் இறங்குவதுபோல முதுகைக் காட்டி இறங்க வைத்தாள். ஒவ்வொரு காலையும் தன் கையால் பிடித்து அடுத்த கல்லில் வைத்தாள். பச்சை குத்திய கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். அது ஆகாததெல்லாம் அடுப்படிக்கு மட்டும்தான் போலிருக்கிறது. எனக்கு ஒரே ஒரு உபதேசம்: "கீழே பாக்காதே. வேரைப் பாரு."

வேர்களையே பார்த்துக்கொண்டு இறங்கியதால், கடைசிக் கல்லில் கால் வைத்து நிமிர்ந்தபோதுதான் அருவியைப் பார்த்தேன். கழுத்து வலிக்கும் வரை அண்ணாந்தும் உச்சி தெரியவில்லை. வானத்தில் ஓர் ஓட்டை விழுந்து அதன் வழியாகத் தண்ணீர் கொட்டுவது போல இருந்தது. விழுகிற இடத்தில் பாறை வழுக்கையாகத் தேய்ந்து கிடந்தது. சாரலில் ஒரு துண்டு வானவில், கைக்கெட்டும் தூரத்தில். அந்த இரைச்சலில் நான் பேசினாலும் ஒன்று, பேசாவிட்டாலும் ஒன்று. உலகத்தில் எனக்கு ஏற்ற இடம் இதுதான் என்று நினைத்தேன்.

நல்லம்மாள் மூக்குத்தியைத் தடவிப் பார்த்து, முந்தானையை இடுப்பில் செருகி, சின்னப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் போனாள். நான் ஒரு பாறையில் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். குளிக்கும் எண்ணம் எனக்கு இல்லை. பெண்கள் இருக்கும் இடத்தில் சட்டையைக் கழற்றுவதாவது! சின்னப்பிள்ளை அவளை அருவியின் ஓரத்தில் நிறுத்திவிட்டு, மிச்ச விறகை ஒடிக்க மரங்களுக்குள் போய்விட்டாள்.

அருவி நல்லம்மாளின் தலையில் விழுந்தது. தோள்கள் இரண்டும் ஒடுங்கின, பிறகு நிமிர்ந்தன. வேண்டுதல் முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன். அவளோ அந்தத் தண்ணீருக்குள்ளிருந்தே என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். கையை ஆட்டினாள். வாய் அசைவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. மறுபடியும் இரண்டு கைகளையும் ஆட்டினாள். முழங்கால் மடங்கிவிட்டது, விழப்போகிறாள் என்று நினைத்தேன். மூட்டையைப் போட்டுவிட்டு, சட்டையும் வேட்டியும் மூக்குக்கண்ணாடியுமாக உள்ளே ஓடினேன்.

தண்ணீர் என் தலையில் விழுந்ததும் எனக்குக் கண் தெரியவில்லை. ஊசிகளைக் கூடையோடு கொட்டியது போல இருந்தது. கைகளைத் துழாவினேன். அவள் என் கையைப் பிடித்தாள். உறுதியாகத்தான் நின்றுகொண்டிருந்தாள். என் காதுக்கருகில் வாயை வைத்துக் கத்தினாள்.

"ரெண்டு பேரும் சேர்ந்து நிக்கிறோமுன்னுதானுங்க வேண்டிக்கிட்டது!"

"இத்தனை வருசமாச் சொல்லவே இல்லையே!"

"சொல்லியிருந்தா நீங்க ஊட்டை விட்டுக் கெளம்பியிருப்பீங்களா?"

கிளம்பியிருக்க மாட்டேன். அது எங்கள் இருவருக்கும் தெரியும். நான் நகர்ந்து அவள் பக்கத்தில், தோளோடு தோள் சேர்த்து நின்றேன். குளிரில் அவள் பற்கள் அடித்துக்கொண்டன. என்னுடையவையும்தான். கண்ட்ரோல் துணியில் தைத்த என் சட்டை உடம்பில் இருக்கும்போதே சுருங்குவது தெரிந்தது. அவள் என் கையை விடவில்லை. நானும் விடவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. சின்னப்பிள்ளை ஒரு கட்டு விறகை ஒடித்து, கொடி சுற்றிக் கட்டி, அதன் மேல் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து அலுத்து, கூப்பிட்டும் எங்கள் காதில் விழாததால், கடைசியில் ஒரு கல்லை எடுத்து எங்கள் பக்கத்துத் தண்ணீரில் போட்டாள்.